பெட்டி ஓட்டும், மைக்கில் வந்த உன் குரலும்

வடக்குத்து,
நெய்வேலி.

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் பவித்ராவும் குழந்தை எழில்மதியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வடலூர் பக்கம் திரும்பி வள்ளலாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இதுவரை சொன்னது உடம்பைப் பற்றி மட்டும். மனசைப் பற்றிப் பின்னால் வருகிறது, பொறுமையாகப் படி, ஆபீஸில் வைத்துப் படிக்காதே.

முதலில் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மழைக்கு நீ கட்டிக்கொடுத்த மாடி ரூமில் வடக்குச் சுவர் ஓதம் காத்துவிட்டது, கொத்தனாரைக் கூப்பிட்டால் வெயில் வரட்டும் என்கிறார், வெயில் வந்தால் ஆளைக் காணவில்லை. தங்கச்சி தமிழ்மொழி அதே தனியார் பள்ளிக்கூடத்தில்தான் பாடம் நடத்துகிறாள், பேங்க் பரிட்சைக்கும் படிக்கிறாள், படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனைத்தான் பார்க்கிறாள், அண்ணன் என்ற முறையில் நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். அப்பாவுக்கு இடது காது இன்னும் மந்தமாகிவிட்டது, அத்தனை வருஷம் சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட் பக்கத்திலேயே நின்றவர், இப்போது டிவியை வைத்தால் மந்தாரக்குப்பம் வரைக்கும் கேட்கிறது. காது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் கோபம் வருகிறது. எனக்கு வேலை அதேதான், டவுன்ஷிப்பில் பிளாக் கூட்டுகிற கான்ட்ராக்ட், கான்ட்ராக்டர் மட்டும் மாறியிருக்கிறார், துடைப்பம் மாறவில்லை. நீ போன தடவை குனிந்தால் முதுகு பிடிக்கிறது என்றாயே, நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளி, நாற்காலியிலேயே கிடக்காதே. குழந்தைக்குத் தமிழில் பேசிக் கொடு, போன வாரம் அவள் என்னிடம் பேசியதில் எனக்குப் புரிந்தது ஆயா என்ற ஒரு சொல்தான்.

இனி நான் எழுத வந்த விஷயம். நம் ஒப்பந்தத் தொழிலாளர் பண்டகசாலையைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் நீ மறந்துவிட்டாய் என்று தோன்றுவதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். பர்மனென்ட் ஆட்களுக்கு எல்லாம் இருந்தது, கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கடனுக்கு அரிசி கொடுக்கக்கூட ஆள் இல்லை. அதனால் உங்கப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து மந்தாரக்குப்பத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்ததுதான் அது. மாசாமாசம் கூலியில் கொஞ்சம் பிடித்துக் கட்டினோம், கடை வளர்ந்தது, குள்ளஞ்சாவடியில் ஒரு கிளைகூட வந்தது. மிச்சம் வருகிற பணத்தில் வைத்திய நிதி என்று ஒன்றை ஒதுக்கினோம், உறுப்பினர் வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அதிலிருந்துதான் வண்டிச் செலவு, மருந்துச் செலவு எல்லாம். உனக்கு எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து கிடந்தாயே, அந்த ஊசியும் அந்த நிதியில்தான்.

பொதுக்குழுவில் எங்கள் வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். எந்த முடிவு என்றாலும் கை தூக்கித்தான். ஷிப்டில் இருக்கிறவன் வர முடியாது, அதனால் அவன் வீட்டு ஆள் அவனுடைய இன்னொரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தால் அது அவன் கை என்று கணக்கு. ஆரம்பத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹெல்மெட்டில் பெயின்ட்டால் பேர் எழுதியிருக்குமே. சுவர் ஓரமாக மேஸ்திரி பழனிசாமி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், யாருக்கு எந்த ஷிப்ட், யாரை நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவது, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பொண்டாட்டி தன் புருஷன் பேர் எழுதிய ஹெல்மெட்டை வேறு பக்கம் தூக்குவாள். பழனிசாமியும் கடை மேனேஜர் தெய்வசிகாமணியும் சகலைகள். அதனால் மேனேஜர் எதைக் கேட்டாலும் கொட்டகை முழுக்க மஞ்சள் ஹெல்மெட்டாக எழும்பும், தீர்மானம் நிறைவேறியது என்று எழுதிக்கொள்வார்கள்.

தெய்வசிகாமணி திருடர் என்று நான் சொல்லவில்லை, திருடராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கணக்கு சுத்தம், ஆள் மரியாதையானவர், கடையை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் மூன்று தடவை சம்பளத்தை ஏற்றிக்கொண்டார், மூன்று தடவையும் ஹெல்மெட் எழும்பியது. இந்த வருஷம் அவர் கேட்டது, டவுன்ஷிப்பில் பெரிய குவார்ட்டர்ஸில் இருக்கிற அதிகாரி வாங்குகிற சம்பளம், அதற்கு மேல் ஒரு கார். நான் ஒரு வருஷம் கூட்டிப் பெருக்கினாலும் அவருடைய ஒரு மாசத்தைத் தொட முடியாது. அவ்வளவு எங்கிருந்து வரும் என்றால் வைத்திய நிதியில் கை வைத்தால்தான் வரும். அப்போதுதான் நான் எழுந்து, கை தூக்குவது வேண்டாம், பெட்டி வைத்து ரகசிய ஓட்டு எடுங்கள் என்றேன். சிரித்தார்கள். நான் விடவில்லை, உனக்குத்தான் என் பிடிவாதம் தெரியுமே. சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டேன், கடலூர் கூட்டுறவு ஆபீஸுக்கு மனு கொண்டுபோனேன், கூட்டுகிற பொம்பளைகள் ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினேன். கடைசியில் விதியை மாற்றினார்கள். ஹெல்மெட் ஓட்டு கிடையாது, மூன்று ஷிப்ட் ஆட்களும் வந்து போகிற மாதிரி காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் பெட்டி இருக்கும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, கேட்டால் உறுப்பினர் பதவி போகும். அந்தக் கடைசி வரி நான் சொல்லித்தான் சேர்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன் தம்பி. உங்கப்பா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு ஒன்று விடாமல் சொன்னேன். நீ உம் உம் என்று கேட்டாய். பார்த்து இருங்கம்மா என்றாய். தெய்வசிகாமணி உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது நீ சொல்லவில்லை.

ஓட்டு நாள் காலையில் பொதுக்குழு, இரண்டு பக்கத்துக்கும் பேச நேரம் கொடுத்தார்கள். நான் முதலில் பேசினேன். எனக்கு மைக் பழக்கம் இல்லை, இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொன்னேன். நான் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் பிளாக்கே நாறுகிறது, மேனேஜர் பத்து நாள் காசிக்குப் போய்வந்தார், கடை அது பாட்டுக்கு ஓடியது, அவருக்கு நியாயமான சம்பளம் கொடுப்போம், நம் வீட்டு நோயாளி வாயிலிருந்து பிடுங்கிக் கொடுக்க வேண்டாம் என்றேன். நன்றாகவே கை தட்டினார்கள். அடுத்தது மேனேஜர் முறை. அவர் பேசவில்லை. நான் என் சம்பளத்தைப் பற்றி நானே பேசினால் அழகில்லை, விஷயம் தெரிந்த ஒருவர் பேசுவார், அவர் நம் ஊர்ப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து மைக்கில் வைத்தார். வணக்கம், நான் வடக்குத்து தமிழ்மாறன், ஆதிலட்சுமி அம்மாவோட மகன் என்று நீ பேச ஆரம்பித்தாய்.

கொட்டகை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் குரல் நன்றாக இருந்தது, தெளிவாக நிறுத்தி நிறுத்திப் பேசினாய். பெரிய பெரிய கம்பெனிகளுக்கு யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்று சொல்வதுதான் உன் வேலை என்றாய். உலகம் முழுக்க இப்படித்தான், திறமையான ஆளுக்குக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் அவர் வேறு இடத்துக்குப் போய்விடுவார், சின்னதாக யோசித்தால் சங்கம் சின்னதாகவே இருக்கும் என்றாய். எங்கம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனா இதுல அவங்க உணர்ச்சிவசப்படுறாங்க என்றாய். அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கப்பாவுக்கு ஒரு காதில்தான் கேட்கும் என்றாலும் குரல் உன்னுடையது என்று தெரிந்துவிட்டது, எழுந்து நின்று யார் யார் கேட்கிறார்கள் என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நம்ம பையன், நம்ம பையன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ முடித்ததும் நான் எழுந்து பதில் சொல்லப் போனேன், அதற்குள் என்னோடு ஒரே பிளாக்கில் கூட்டுகிற சங்கீதா எழுந்துவிட்டாள். ஒங்க மவன் மட்டும் அங்க லட்ச லட்சமா வாங்கிக்கினு இருக்கலாம், வூட்டுக்கு மாடி கட்டலாம், நம்ம சங்கத்து மேனேஜர் வாங்கக் கூடாதாக்கா என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மைக் பக்கம் போகாமல் உட்கார்ந்துவிட்டேன் தம்பி. இன்றைக்கும் பிளாக் கூட்டும்போது அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

இருட்டியதும் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். ஹெல்மெட் தூக்கிய காலத்தில் அவருக்கு எழும்பியதைவிட இப்போது அதிகம் விழுந்திருந்தது. பயந்துதான் தூக்குகிறார்கள், மறைவாகப் போடச் சொன்னால் மனசில் இருப்பதைப் போடுவார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனசில் இருப்பதைத்தான் போட்டிருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாளும் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டும், வந்தவர்கள் எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டேன் என்றார்கள், அவர்கள் போட்டிருந்தாலே நான் ஜெயித்திருக்க வேண்டும். காப்பித்தூள் தீர்ந்ததுதான் மிச்சம். மேஸ்திரி பழனிசாமிகூட வந்தார். ஒங்களாலதாம்மா இப்ப எவனும் நாங்க மெரட்டி ஓட்டு வாங்குனோம்னு சொல்ல முடியாது, ரொம்ப நன்றிங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கிண்டல் பண்ணவில்லை, அதுதான் எனக்கு எரிகிறது.

மேஸ்திரி வந்துபோன அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். அவர் கேட்டார், என் தொழில் சம்பந்தமான கருத்தைச் சொன்னேன், பர்சனலா எடுத்துக்காதீங்கம்மா என்றாய். எப்படி எடுத்துக்கொள்வது என்று நீயே சொல். நீ அந்தக் கம்பெனிகளின் பேச்சைப் பேசினாய், சரி, அது உன் பிழைப்பு. ஆனால் ஆதிலட்சுமி மகன் என்று சொல்லிவிட்டல்லவா பேசினாய். உன் தொழிலுக்கு ஓட்டு விழவில்லை, என் பேருக்குத்தான் விழுந்தது. எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பெரிய சம்பளம் நியாயம் என்று சொல்கிறவர்கள் எல்லாம் பெரிய சம்பளம் வாங்குகிறவர்களாகவே இருக்கிறார்களே, அது எப்படி. மேனேஜருக்குக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் போய்விடுவார் என்றாய். என்னைப் போன்ற ஆள் போய்விடுவாளே என்று எந்தக் கான்ட்ராக்டராவது பயந்து ஒரு ரூபாய் ஏற்றியதுண்டா. அவர் சம்பளத்துக்கு ஓட்டு, என் சம்பளத்துக்கு டெண்டர், எவன் குறைவாகக் கேட்கிறானோ அவனுக்கு என்னைக் கொடுத்துவிடுகிறார்கள். இதையும் உன்னுடைய ஆபீஸில் யாராவது கணக்குப் போடுகிறீர்களா என்று தெரியவில்லை. நீ நல்ல சம்பளம் வாங்குவது எனக்கு வயிற்றெரிச்சல் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் முதல் மாசச் சம்பளத்தில் வந்த சேலையை இன்னும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன். அவ்வளவு சம்பாதிக்கிற பிள்ளை சரியாகத்தான் சொல்லுவான் என்று ஊரே நம்பியது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு சம்பாதிப்பதால்தான் உன்னை நம்பினார்கள். நான் சொன்னதை எவ்வளவு சம்பளக்காரி சொல்கிறாள் என்று பார்த்துத்தான் எடை போட்டார்கள்.

புதுச் சம்பளம் வந்த முதல் கமிட்டியிலேயே வைத்திய நிதியைப் பாதியாக்கிவிட்டார்கள். மேல் வீட்டுக் கலியம்மாள் புருஷனுக்குச் சிறுநீரகக் கோளாறு, புதுச்சேரிக்குப் போய்வரும் வண்டிக்கும் ஊசிக்கும் அந்த நிதியைத்தான் நம்பியிருந்தாள். இதைத் தமிழ்மொழி உனக்குச் சொல்லியிருக்கிறாள், நீயும் உடனே பணம் அனுப்பி, கலியம்மாள் அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று செய்தி போட்டாய். எனக்கு அந்தப் பணத்தைத் தொடவே பிடிக்கவில்லை. என் புருஷனுக்கு நிதியிலிருந்து கொடுங்கள் என்று நிமிர்ந்து நின்று கேட்டு வாங்கியவளை, தமிழ்மாறன் தயவில் வாங்கிக்கொள்ள வைத்துவிட்டாய். திருப்பி அனுப்பு என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு நேரே கலியம்மாளிடம் போய் இதையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். யாரு காசா இருந்தா இன்னாக்கா, அவருக்கு ஊசி போட்டா சரி, நீ மொறச்சிக்கினு நின்னா அவரு பொழச்சிக்குவாரா என்றாள். நான் தங்கச்சியிடமிருந்து பணத்தை வாங்கிவந்து அவளிடம் கொடுத்தேன். மாசாமாசம் அனுப்பு. ஆரம்பித்துவிட்டாய், இனி நிறுத்தாதே, நீ மறந்தால் அவளுக்குப் போய்க் கேட்க ஓர் இடம் இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை நீ அப்பாவிடம் கேட்கக் கூடாது. ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது உங்கப்பா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனுஷன், காப்பி போட்டு ஆற்றி என் கையில் கொடுத்தார். சர்க்கரை கரையவில்லை, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் அவர்தான் காப்பி போடுகிறார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்கிறார். அந்தப் பண்டகசாலையைத் தகரம் தூக்கி ஆரம்பித்தவர்களில் ஒருவர் அவர். பெட்டிக்குப் போகும்போது எனக்கு முன்னால்தான் போனார், உன் குரல் கேட்ட சந்தோஷம் முகத்தை விட்டுப் போகவில்லை. எங்கே குத்தினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிடுவார். ஆனால் யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று எழுத வைத்தவளே நான்தான். தினமும் அந்தக் காப்பியை வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். பவித்ராவை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். தைப்பூசத்துக்கு வடலூர் போனால் உன் பேருக்கும் வேண்டிக்கொள்கிறேன், நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, எவ்வளவு கோபம் இருந்தாலும் பெற்றவள் வாயிலிருந்து வேறு எதுவும் வராது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய், அப்பாவிடம் பேசு, தங்கச்சியிடம் பேசு, எழில்மதியை ஆயா என்று கூப்பிடச் சொல். என்னிடம் மட்டும் கொஞ்ச நாளைக்கு நீ பேச வேண்டாம் தம்பி. நீ அம்மா என்று ஆரம்பித்தாலே கொட்டகை முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அதனால்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தில் எழுதினேன், நீயும் எழுது.

இப்படிக்கு,
உன் நலத்தையே வேண்டுகிற அம்மா,
அ. ஆதிலட்சுமி